ஏழில் ஒன்று சரி, வானம் எங்கே? – தருமபுரத்தில் ஒரு தையல் அறை

கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கம் ஒரு வேலையாகப் போன நாளில், ஐந்து வருசத்துக்கு முன் நானே கட்டடப் படம் வரைந்து கொடுத்த ரியூசன் அறையை எட்டிப் பார்த்தேன். பகல் பதினொரு மணி. வெளியே வெயில் கண்ணைக் கூசியது. உள்ளே நாலு ரியூப் லைற்றும் எரிந்துகொண்டிருந்தன. அதற்கும் பின்வரிசைப் பிள்ளைகள் கொப்பியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார்கள்.

அந்தப் படத்தில் பிழை ஒன்றும் இல்லை. யன்னல் பரப்பு, அனுமதிக்குக் கேட்கிற தரைப்பரப்பில் ஏழில் ஒன்றுக்குக் கூடவே இருந்தது. பிரதேச சபையில் ஒரு கேள்வியும் வராமல் அனுமதி கிடைத்த படம். ஆனால் முன்னால் எட்டடி விறாந்தை, அதற்கு அப்பால் மாமரம். யன்னலில் நின்று பார்த்தால் விறாந்தை ஓட்டின் அடிப்பக்கம் தெரியும், மாமர இலை தெரியும், வானம் தெரியாது. நான் சுவரில் ஓட்டையை அளந்திருக்கிறேன். அந்த ஓட்டைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்றிரவு நித்திரை சரியாக வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் தருமபுரத்திலிருந்து சின்னம்மா கோல் எடுத்தா. அவவுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு, 550 சதுர அடி. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. விறாந்தை மூலையில் மெசினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தவ. பள்ளிக்கூடச் சட்டைகளும் சாறி பிளவுசும் இப்போது நிறைய வருகுதாம், புறம்பாக ஓர் அறை வேணுமாம். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கச் சபை அனுமதித்த படம் கேட்கிறார்கள். "பகலில லைற் போடாமத் தைக்கிற மாதிரி ஒரு அறை கீறித் தா தம்பி" என்றா. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினபோது, மெசினை முற்றத்துக்குத் தூக்கி வந்து வேப்பமர நிழலில் வைத்துத் தைத்தவ அவ. அவ கேட்டதன் கனம் எனக்கு விளங்கியது.

காணியை அளந்தேன். கிழக்கே றோட்டு. வீட்டுக்குத் தெற்கே, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடி விட்டு, கிழக்கு மேற்காக 16 அடி, வடக்குத் தெற்காக 12 அடி அறை. கூரை ஓடு, முகடு கிழக்கு மேற்காக ஓடும். சுவர் ஒன்பதடி, முகடு பன்னிரண்டடி. தெற்கே ஆறடி தள்ளி அடுத்த காணிக்காரரின் களஞ்சியம், 18 அடி உயரச் சுவர்.

தரை 192 சதுர அடி. ஏழில் ஒன்று என்றால் 27 சொச்சம். நாலுக்கு நாலு யன்னல் இரண்டு போட்டால் 32, கணக்குச் சரி. இரண்டையும் தெற்குச் சுவரில்தான் சின்னம்மா கேட்டா. கிழக்கே கதவும் துணி அடுக்கும் றாக்கையும் வேணும், மேற்கே யன்னல் வைத்தால் பின்னேர வெயில் அடிக்கும் என்பது அவவின் நியாயம். நல்ல நியாயம்தான். முன்பு என்றால் அப்படியே வரைந்து கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருப்பேன்.

இந்தத் தடவை வரைபடத்தை விட்டுவிட்டு முதலில் வெட்டுமுகத்தை, அதாவது அறையைக் குறுக்கே வெட்டிப் பக்கத்தால் பார்க்கிற படத்தை, வரைந்தேன். யன்னலின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஐந்தடி. அங்கிருந்து களஞ்சியச் சுவரின் உச்சிக்கு ஒரு கோடு: பதின்மூன்றடி உயரம், ஆறடி தூரம், ஆகவே 65 பாகை. அதற்குக் கீழே எல்லாம் சுவர். அதே புள்ளியிலிருந்து எங்கள் தாழ்வாரத்தின் நுனிக்கு இன்னொரு கோடு: மூன்றடி மேலே, இரண்டரையடி வெளியே, 50 பாகை. அதற்கு மேலே எல்லாம் எங்கள் ஓடு. கீழே 65 வரைக்கும் மறைப்பு, மேலே 50 இலிருந்து மறைப்பு. இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. இடையில் வானத்துக்கு ஒரு பாகைகூட மிச்சமில்லை. 32 சதுர அடி யன்னல், நேரே பார்த்தால் ஓர் அங்குல வானம் இல்லை.

இரண்டு கோடு, ஒரு அடிமட்டம், ஐந்து நிமிடம். இதை நான் முன்பே செய்திருக்கலாம்.

இங்கிலாந்தில் கட்டட அனுமதிக்கு இதே கோட்டைத்தான் முதற்சல்லடையாக வைத்திருக்கிறார்கள். அங்குள்ள கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1991 இல் முதலில் வெளியிட்டு 2022 இல் மூன்றாம் பதிப்பாகத் திருத்திய வழிகாட்டியில், எதிர்க்கட்டடம் யன்னல் நடுவிலிருந்து 25 பாகைக்குக் கீழே நின்றால் வெளிச்சம் போதும், அதற்கு மேலே போனால் விரிவாகக் கணக்குப் பார் என்று இருக்கிறது. களஞ்சியச் சுவர் 25 பாகையில் நிற்க வேண்டுமென்றால் 28 அடி தள்ளி நின்றிருக்க வேண்டும். எங்கள் காணிகளில் அதைக் கேட்க ஏலாது. ஆனால் அங்கே அந்தக் கோடு அயலவனின் யன்னலையும் காப்பதற்குத்தான். புதுக்கட்டடம் எழும்பும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு வானம் குறைகிறது என்று கேட்கிறார்கள். களஞ்சியம் எழும்பின நாளில் சின்னம்மாவின் வானத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, வானம் எங்கே இருக்கிறது? மேற்கே வெறும் வளவு, கிணறு, தூரத்தில் ஒரு வேம்பு, அதற்கு அப்பால் வயல். மறைப்பு பத்துப் பாகைதான். கிழக்கே றோட்டுக்கு மற்றப் பக்கம் பதிந்த வீடு, எட்டுப் பாகை. ஆகவே மேற்குச் சுவரில் ஐந்துக்கு நாலு, கிழக்குச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் நாலுக்கு நாலு என்று மாற்றினேன். றாக்கை தெற்குச் சுவருக்குப் போனது. தெற்கே காற்றுக்கு மட்டும் பூக்கல் வரிசை. சோளகம் அந்தப் பக்கத்தால் வரும், அதை அடைக்கக் கூடாது. மாரி மழைக்காக இரண்டு யன்னலுக்கும் மேலே இரண்டடிச் சீமெந்துத் தட்டு. அது 51 பாகைக்கு மேலே மறைக்கும். ஆக ஒவ்வொரு யன்னலுக்கும் ஏறக்குறைய 41 பாகை வானம்.

பகலொளிக் காரணி என்று ஒரு அளவு உண்டு. முழுதாக முகில் மூடிய நாளில், வெட்டவெளியில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் அறைக்குள் வருகிறது என்பது அது. கணக்கு இப்படி: கண்ணாடிப் பரப்பு, கண்ணாடி கடத்தும் பங்கு, அழுக்குக் கழிவு, தெரியும் வானப் பாகை ஆகிய நாலையும் பெருக்கி, அறையின் மொத்த உட்பரப்பை ஒன்றில் தெறிப்பின் வர்க்கம் போக மிச்சத்தால் பெருக்கிய தொகையால் பிரிக்க வேண்டும். தெறிப்பு என்பது உட்பரப்பில் பட்ட வெளிச்சத்தில் திரும்பி வரும் பங்கு. எங்கள் அறையில் நிலையும் கிறிலும் போகக் கண்ணாடி 27 சதுர அடி, கடத்தல் 0.8, எங்கள் செம்மண் புழுதிக்கு 0.8, வானம் 41. உட்பரப்பு 944. தெறிப்பு 0.5. விடை 1.0 சதவீதம்.

ஒரு சதவீதம் காணாது. பிரித்தானியாவில் நெடுங்காலம் படுக்கை அறைக்கே ஒன்று, வசிக்கும் அறைக்கு ஒன்றரை, குசினிக்கு இரண்டு என்று வைத்திருந்தார்கள். தையல் குசினியைவிட நுணுக்கமான வேலை.

தெறிப்பை ஏன் 0.5 என்று போட்டேன் என்று திரும்பிப் பார்த்தபோது ஒரு வழி கிடைத்தது. சுவர் வெள்ளை, நல்லாகத் தெறிக்கும். தரை சீமெந்து, மட்டம். கூரையின் அடிப்பக்கம் சிவப்பு ஓடு. விழும் வெளிச்சத்தில் ஐந்தில் நாலு பங்கை விழுங்கிவிடும். ஓட்டை ஏற்ற முன் அடிப்பக்கம் வெள்ளை அடித்தால் சராசரி 0.6 க்கு ஏறுகிறது. அதே யன்னல், ஒரு வாளி பெயின்ற். 1.0 சதவீதம் 1.17 ஆகிறது. மேசன் அண்ணை "ஓட்டுக்கு அடியில யாரும் வெள்ளை அடிப்பினமே?" என்று கேட்டார். கணக்கைக் காட்டினேன். "அப்ப கீழ வைச்சே அடிப்பம், மேல ஏறி அடிக்கிறது கழுத்து முறியிற வேலை" என்று அவரே வழி சொன்னார்.

மிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு. மூடிய வானம் எல்லாப் பக்கமும் ஒரேயளவு வெளிச்சமில்லை. கணக்குக்கு எடுக்கும் நியம வானத்தில் உச்சி அடிவானத்தைப்போல மூன்று மடங்கு பிரகாசம். யன்னல் பார்ப்பது அந்த மங்கல் பகுதியை. கூரை பார்ப்பது உச்சியை. எட்டு ஓடு போட்டுக் கணக்குப் பார்த்தேன், மொத்தம் 1.7 க்கு மேலே வந்தது. சின்னம்மா ஒரே பிடியாக மறுத்தா. போர் முடிந்தபோது சனங்களை வைத்திருந்த முகாம்தான் மெனிக் பாம். "மெனிக் பாமில வெள்ளைத் தறப்பாளுக்குள்ள இருந்தனாங்கள். வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெக்கைதான் ஆளை அவிச்சது. அது திரும்ப வேண்டாம்."

அவ சொன்னதில் பௌதிகம் முழுதும் இருந்தது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1000 வாற்று விழுகிறது. எட்டுக் கண்ணாடி ஓடு அரைச் சதுர மீற்றர். ஆறாகக் குறைப்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மொத்தம் 1.6. எங்கே போடுவது என்பதுதான் பெரிய கேள்வி. அதற்கு மொடல் தேவைப்பட்டது.

ஒரு அடிக்கு ஓர் அங்குலம் என்று எடுத்தேன். இன்னும் சின்னதாகச் செய்யலாம், ஆனால் நண்பன் ஒருவனிடம் கடன் வாங்கிய, வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீற்றரின் உணரித் தட்டு இரண்டரை அங்குல அகலம். சின்ன மொடலில் அது அறைக்குள் கட்டில் போட்டது மாதிரி ஆகிவிடும். தொலைக்காட்சிப் பெட்டி அட்டை, உள்ளே வெள்ளைக் கடதாசி, தரைக்குச் சாம்பல் நிறம், யன்னலுக்குச் சட்டமும் கிறிலும் ஈர்க்கில். களஞ்சியத்துக்கும் ஒரு அட்டைச் சுவர். மொடலில் வெளிச்சம் அளப்பது நம்பக்கூடிய வேலை. வெளிச்சம் அறை சின்னதா பெரிதா என்று பார்ப்பதில்லை, கோணமும் நிறமும் ஒன்றாக இருந்தால் சதவீதமும் ஒன்றாக இருக்கும்.

முதல் நாள் அளவு முழுதும் வீண். முகில் விட்டுவிட்டு வந்தது. வெளியே அளந்துவிட்டு உள்ளே உணரியைத் தள்ளுவதற்குள் வானம் இரண்டு மடங்கு வெளித்துவிட்டது. மார்கழி முதற்கிழமையில் அடைமழைக்கு முந்திய ஒரு காலை, வானம் ஒரே சாம்பலாக மூடி நின்றது. அதுதான் நாள். நான் மொடலோடு தண்ணித்தாங்கித் தட்டில், சின்னம்மாவின் மகன் இரண்டாவது மீற்றரோடு வயல் வரம்பில், இருவரும் போனில். "இப்ப" என்றதும் ஒரே நேரத்தில் வாசிப்பது. அதற்கு முன் இரண்டு மீற்றரையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்து, மற்றதன் வாசிப்பை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று எடுத்துவைத்தோம். போனில் இருக்கும் லக்ஸ் அப்பை இதற்கு நம்ப வேண்டாம். என் போனையும் தம்பியின் போனையும் ஒரே மேசையில் வைத்தபோது, ஒன்று மற்றதன் பாதியைத்தான் காட்டியது.

முதல் வாசிப்பு 3.4 சதவீதம். கணக்கைப்போல இரண்டு மடங்கு. மனம் சந்தோசப்பட்டது, கை நம்பவில்லை. எல்லா யன்னலையும் கறுப்பு ரேப்பால் மூடிவிட்டு வாசித்தேன். மீற்றர் பூச்சியம் காட்ட வேண்டும். அது 200 லக்ஸுக்கு மேலே நின்றது. மூலை ஒட்டுகளாலும், வெறும் அட்டையூடாகவும் வெளிச்சம் கசிந்திருக்கிறது. வெளிப்பக்கம் முழுதும் அலுமினியத் தாள் சுற்றி, மூலைகளுக்குக் கறுப்பு ரேப் இரண்டு சுற்று ஒட்டினேன். மூடி வாசித்தபோது பூச்சியம். மொடல் செய்கிறவர்கள் முதலில் இந்த இருட்டுச் சோதனையைச் செய்யுங்கள்.

பிறகு வந்த இலக்கங்கள்: வெளியே 13,500 லக்ஸ் நிற்கும்போது, சின்னம்மா முதலில் கேட்ட தெற்கு யன்னல் அறையில், மேசை உயரத்தில் ஒன்பது இடத்துச் சராசரி 54 லக்ஸ். 0.4 சதவீதம். களஞ்சியத்துக்கும் அறைக்கும் இடைப்பட்ட ஒழுங்கையின் இரண்டு முனையாலும் சரிந்து வந்ததும் சுவர் தெறித்ததும்தான் அது. புதிய அறையில் சராசரி 200 லக்ஸ், 1.5 சதவீதம். மேற்கு யன்னலுக்குப் பக்கத்து மேசையில் 650. தையலுக்கு 500 ஆவது வேணும் என்று நான் வைத்துக்கொண்டேன், கறுப்புத் துணி என்றால் இன்னும் வேணும். ஆகவே மெசின் நிற்கும் இடம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது: மேற்கு யன்னலோரம், வடக்கைப் பார்த்து இருப்பு, வெளிச்சம் இடக்கைப் பக்கத்தால். வலக்கைக்காரருக்குக் கையின் நிழல் ஊசியில் விழாது.

கண்ணாடி ஓட்டை எங்கே போடுவது என்று பார்க்க வெயில் வேணும். கிளிநொச்சி 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழியில் நண்பகல் சூரியன் தெற்கே 57 பாகை உயரத்தில். ஆனி நடுவில் வடக்கே 76 பாகை. சித்திரைப் புத்தாண்டு நாளில், பகல் 12 மணி 9 நிமிடமளவில் நேரே தலைக்கு மேலே. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. இதை மொடலுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆணி போதும். மொடலின் பலகையில் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஆணி நிறுத்தி, வடக்கே 6.4 சென்ரிமீற்றரில் ஒரு புள்ளி, தெற்கே 2.5 இல் ஒரு புள்ளி வைத்தேன். மழை விட்ட ஒரு நாள் வெயிலில், ஆணியின் நிழல் நுனி வடக்குப் புள்ளியைத் தொடும்வரை பலகையைச் சாய்த்தால் மொடலுக்குள் மார்கழி நண்பகல். தெற்குப் புள்ளிக்குச் சாய்த்தால் ஆனி நண்பகல். நிழலே இல்லாமல் பிடித்தால் வருசப்பிறப்பு. காலை ஒன்பது மணிக்கான புள்ளிகளையும் கணக்குப் பண்ணிக் குறித்துக்கொண்டேன். சின்னம்மா குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தா, பலகையை நான் சாய்க்கச் சாய்க்க வெயில் துண்டு சுவரில் ஏறி இறங்கியது.

ஓடுகளைக் கூரை நடுவில் வைத்தபோது சித்திரை வெயில் மெசினுக்கும் வெட்டுமேசைக்கும் மேலே விழுந்தது. வடக்குச் சுவரிலிருந்து ஒரு அடிக்குள் வரிசையாக வைத்தபோது எல்லாம் மாறியது. மார்கழியில் வெயில் ஓட்டுக்குக் கீழே ஒன்றரை அடியில் வடக்குச் சுவரிலேயே அடித்து, வெள்ளைச் சுவர் அதை அறை முழுதும் சிதறியது. ஆனியில் தெற்கே சரிந்தாலும், காலை ஒன்பது மணிக்குக்கூட மேசை உயரத்தில் நாலடியைத் தாண்டவில்லை. ஆகவே வெட்டுமேசையை நாலரையடி தள்ளிப் போட்டோம். மெசினையும் அதே கோட்டுக்குத் தெற்கே யன்னலோரம் நிறுத்தினோம்.

மேற்கு யன்னலில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு வெயில் தட்டுக்குக் கீழால் நுழையும். அதைத் தட்டால் தடுக்க ஏலாது, சூரியன் பதிந்து வருகிறது. மெல்லிய வெள்ளை வேட்டித்துணியில் திரை. நேர் வெயில் துணியில் பட்டுச் சிதறி வெறும் வெளிச்சமாக உள்ளே வருகிறது. தறப்பாளிலிருந்து சின்னம்மாவுக்கு வேண்டியது அந்தப் பாதி மட்டும்தான்.

தையில் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழில் ஒன்றுக்கான அட்டவணை வழமைபோல, 27 க்கு எதிரே 36. அதற்குக் கீழே வெட்டுமுகத்தில் வானக்கோடுகளைச் சிவப்பில் வரைந்து, அரைப்பக்கத்தில் கணக்கும் மொடல் அளவும் வைத்தேன். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது, பின்னிணைப்பாகத்தான் குத்த வேண்டி வந்தது. தொழினுட்ப உத்தியோகத்தர் சிவப்புக் கோட்டில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் அறையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். எல்லை இடைவெளியும் மழைத்தண்ணி வழியும் பார்த்து, அடுத்த மாதம் அனுமதி வந்தது.

கட்டி முடிய ஆவணி ஆகிவிட்டது. இந்த மார்கழியில் மூடிய வானத்தில் உண்மையான அறையை அதே ஒன்பது இடத்தில் அளந்தேன். 1.3 சதவீதம். மொடலில் இல்லாத இரண்டு விசயங்கள் உள்ளே வந்திருந்தன. றாக்கை நிறைய நாவல் நிறத் துணி, வெள்ளைச் சுவரில் பாதியை மறைத்திருந்தது. கண்ணாடி ஓட்டில் வேப்பஞ்சருகும் பாசியும். சருகைக் கூட்டியதும் 1.4. துணியை ஒன்றும் செய்ய ஏலாது, அதுதானே தொழில். அடுத்த முறை கணக்கில் தெறிப்பை 0.55 க்கு மேலே போடமாட்டேன். மெசின் மேசையில் 610 லக்ஸ் நின்றது. சின்னம்மா கறுப்பு நூலை ஊசியில் கோத்துக் காட்டினா.

முரசுமோட்டை ரியூசன் அறையின் வெட்டுமுகத்தையும் எடுத்து வரைந்துவிட்டேன். விறாந்தைப் பக்கம் வானம் மூன்று பாகை, அதிலும் மாமர இலை. பின்சுவரை இடிக்க அவர்களிடம் காசில்லை, ஆனால் அதுவும் ஓட்டுக் கூரைதான். பின்வரிசை வாங்குக்குப் பின்னால் சுவரோரம் பத்துக் கண்ணாடி ஓடு, உள்ளே சுவருக்கு வெள்ளை. ஓட்டுக்காசு நான் போடுகிறேன், மேசன் அண்ணை கூலி வேண்டாம் என்றுவிட்டார். பொங்கல் விடுமுறையில் வகுப்பு இராது, பட்டிப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஏணியோடு போகிறோம்.